பத்துப் பங்காக ஏற்றிய பாரம்

போடிமெட்டுக்கு மேலே, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் ஏலத்தோட்டத்துக்கும் நடுவே ஒரு ஓடை. மழைக்காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித்தான் பெண்கள் காயெடுக்கப் போவார்கள். சோலையம்மாளும் அவர்களில் ஒருத்தி. 1984இல் அங்கே கம்பிவடத் தொங்குபாலம் போட முடிவானது. கணக்கு சரியென்று தாளில் காட்டாமல் வேலை தொடங்காது என்றார் அதிகாரி. வைகாசி வரைதான் கெடு.

அந்தக் கணக்கைப் போட்டவள் சோலையம்மாளின் மகள் சந்திரவல்லி. மதுரையில் பொறியியல் ஆராய்ச்சி மாணவி. பிடித்தால் உடும்புப்பிடி.

கம்ப்யூட்டரோ அவளைப் படாத பாடு படுத்தியது. ஒரு தடவை ஓட்டினால் அது விடையைத் திருத்தித் திருத்திச் சுற்றுச் சுற்றாகக் கணக்குப் போடும். முதல் சுற்றில் பாலம் நாலு மீட்டர் தொங்கியது. அடுத்ததில் ஏழு மீட்டர் மேலே எழும்பியது. மூன்றாவதில் ஓடைக்கு அடியிலேயே போய்விட்டது. மறுபடி ஓட்ட, கம்ப்யூட்டரில் முறை கிடைக்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். கெடுவுக்கு மூன்று வாரமே மிச்சம். “இது படியாதும்மா, விட்டுரு” என்றார் பேராசிரியர். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. விட்டால் ஆத்தாதானே தண்ணீரில் இறங்க வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகப் போடியில் ஜீப்புக்காக நின்றாள். இருபது பேர் ஒரே நேரத்தில் பின்னால் தொற்றினால் ஜீப்பின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அதனால் டிரைவர் பால்சாமிக்கு ஒரு வழக்கம் உண்டு.

“ஒரேயடியா ஏறாதீங்க ஆத்தா. நாலு பேரு ஏறுங்க, வண்டி அமரட்டும். பெறகு மத்தவுக.”

சந்திரவல்லி வைத்த காலை எடுத்தாள்.

“நான் வரலண்ணே. மதுரையில சோலி இருக்கு.”

தளர்ந்த வடம் இழுபட இழுபடத்தான் விறைக்கும். அவளோ கணக்கில் தளர்ந்த வடத்தின் மேல் முழுப் பாரத்தையும் ஒரே மூச்சில் ஏற்றியிருந்தாள். தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். இந்த முறை பாரத்தைப் பத்துப் பங்காக்கினாள். ஒரு பங்கை ஏற்றி, விடை அமரும்வரை திருத்தி, அங்கே வடத்துக்கு ஏறியிருந்த விறைப்பை வைத்தே அடுத்த பங்கை ஏற்றினாள். ஒவ்வொரு பங்கும் நாலைந்து சுற்றில் படிந்தது. முழுப் பாரத்துக்குப் பாலம் இறங்குவது முப்பத்தொரு சென்டிமீட்டர் என்று விடை வந்தது.

ஆவணியில், கட்டி முடித்த பாலத்தில் மணல் மூட்டை அடுக்கிச் சோதித்தார்கள். முப்பது சென்டிமீட்டர் இறங்கியது. அதிகாரி இரண்டு தரம் அளந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூட்டைகளை இறக்கியதும் சோலையம்மாள்தான் முதலில் நடந்தாள். நடுவில் பாலம் ஆடியது.

“ஆடுதே, பயமா இல்லையா?” என்று கரையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“எம்மக போட்ட கணக்குடி. ஆடும், பெறகு நிக்கும்.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அக்கரை போய்ச் சேர்ந்தாள்.