தண்ணீர் ஊற்றாத கண்

முதலில் தெரிந்தது வலி இல்லை, சூடு. எங்கள் மலையூர் பூண்டியில் உருளைக்கிழங்குச் செடிக்கு நோய் விழுந்திருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து இலைக்கு அடிக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் பீப்பாயில் போட்டு, தண்ணீர் விட்டுக் கிளறிக்கொண்டிருந்தேன். கொதித்துத் தெறித்ததில் ஒரு துளி வலது கண்ணுக்குள் போய்விட்டது.

பக்கத்திலேயே வாய்க்கால். அதை நோக்கி ஓடினேன். என் வீட்டுக்காரர் பாய்ந்துவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஏ புள்ள, தண்ணி பட்டா உள்ளேயே கொதிச்சுரும்!”

சுண்ணாம்பு நீற்றுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். நானும் நம்பி நின்றேன். விளக்கெண்ணெய் விட்டார்கள். அடுத்த காட்டில் பயிர்வைத்திருந்த கைப்பிள்ளைக்காரி தாய்ப்பால் பீய்ச்சினாள். துணியால் இறுகக் கட்டி, மட்டக்குதிரையில் உட்காரவைத்துக் கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

டாக்டர் கட்டை அவிழ்த்ததும் கேட்டார்: “எவ்வளவு நேரம் தண்ணி விட்டுக் கழுவினீங்க?”

“தண்ணி பட்டாக் கொதிக்குமுங்களே ஐயா,” என்றார் என் வீட்டுக்காரர்.

“அது பீப்பாயிலேயே கொதிச்சு முடிஞ்ச சுண்ணாம்பு. உடனே வாய்க்கால்ல முகத்த முக்கியிருந்தா ஓடியிருக்கும். கட்டிவச்சு வேகவிட்டிருக்கீங்க.”

பிறகு தண்ணீர் ஊற்றினார்கள், ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். இமையைப் புரட்டிப் பஞ்சால் சுண்ணாம்புத் துகளை எடுத்தார்கள். அட்ரோபின் (கண்பாப்பாவை விரித்து வலியைத் தணிக்கும் சொட்டுமருந்து) விட்டார்கள். இமையும் விழியும் ஒட்டிவிடாமல் தினமும் கண்ணாடிக் குச்சியை இடையில் விட்டு ஓட்டினார்கள். அதற்குப் பயந்தே எனக்கு வெள்ளனே விழிப்பு வந்துவிடும். அவ்வளவு செய்தும் கருவிழி (கண்ணின் முன்பக்கத் தெளிந்த தோல்) வெளுத்துவிட்டது.

“இனிமே பார்வை வருமுங்களா?” என்று கேட்டேன்.

“வராதும்மா.”

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். சுண்ணாம்பு தெறித்தால் யார் கையைப் பிடித்தாலும் உதறிவிட்டுத் தண்ணீருக்கு ஓடுங்கள். பாசமாகப் பிடிக்கிற கையானாலும் உதறுங்கள்.

எனக்கு வலப்பக்கம் என்று ஒன்று இப்போது இல்லை. அங்கிருந்து வருகிற ஆளும் மாடும் திடீரென்றுதான் முளைக்கிறார்கள். படி இறங்க நேரம் பிடிக்கிறது, ஊசியில் நூல் கோக்க ஒரு பொழுதே போய்விடுகிறது. வெரசாக எந்தச் சோலியும் ஆவதில்லை.

காட்டுக்குப் போகும்போது நான் தடுக்கி விழுந்துவிடக் கூடாதென்று என் வீட்டுக்காரர் எப்போதும் வலப்பக்கமே நடக்கிறார். அந்தப் பக்கம் வந்தால் அவர் முகம் எனக்குத் தெரியாது. இடப்பக்கம் வாருங்கள் என்று நான் இதுவரை சொன்னதில்லை.