யார் ஊற்றிய ஆயில்

என் காருக்கு ஆயில் மாற்றுவது நான்தான் என்று சொன்னால் திண்டுக்கல்லில் யாரும் நம்புவதில்லை. பெட்ரோல் பங்கில் நம்புவதில்லை, சர்ச் வாசலில் நம்புவதில்லை, என் கிளினிக்கில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் நோயாளிகூட நம்புவதில்லை. நான் பல் மருத்துவர். கடைவாய்ப் பல்லின் வேருக்குள் ஊசியை விட்டு நரம்பை இழுத்தெடுக்க இந்தக் கையை நம்புகிறார்கள். ஒரு நட்டைக் கழற்றி, பழைய ஆயிலை வடித்து, புது ஆயிலை ஊற்றி மூட மட்டும் இந்தக் கை போதாதாம்.

அது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டிச் சலித்து விற்றதை வாங்கினேன். இரண்டே பேர் உட்காரலாம். என்ஜின் பின்னால் இருக்கிறது. முன்னால் இருக்கும் பானட்டைத் திறந்தால் ஒரு பெட்டி வைக்கிற அளவுக்குக் குழிதான் இருக்கும். எங்கள் தெருவில் இதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வந்தது. வந்தவர்கள் எல்லாரும் என் கணவரைப் பார்த்து, "சார், மைலேஜ் எவ்வளவு தரும்?" என்று கேட்டார்கள். அவர் பள்ளித் தலைமை ஆசிரியர். அவருக்கு ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்புவார்.

வாங்கும்போதே அவர் ஒரு நிபந்தனை வைத்தார். மாமியார் வீட்டு ஆட்கள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த நேரமாகப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "நீயே வேலை பாக்குறேங்கிற. சரி, பாரு. உன் கை பட்டு ஒரு ரிப்பேர் வந்துச்சுன்னா மறுபேச்சு பேசாம வித்துடணும்." எனக்கும் வாய்க்கொழுப்பு. "வரட்டும் பாப்போம்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த வண்டி எனக்குச் சொந்தமா இல்லையா என்பது என் கையில் தப்பு நடக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் இருந்தது. ஆம்பளைகள் வாங்கும் வண்டிக்கு இப்படி யாராவது நிபந்தனை வைத்து நான் கேட்டதில்லை.

நான் அதைப் படித்தேன். சும்மா மேலோட்டமாகப் படிக்கவில்லை, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தேன். மற்ற வண்டிகளில் ஆயில் என்ஜினுக்கு அடியிலேயே தேங்கிக் கிடக்கும். இதில் என்ஜினுக்குப் பக்கத்தில் ஆயிலுக்கென்று தனியாக ஒரு டாங்கி. வண்டியை நிறுத்தி வைத்தால் அந்த டாங்கியில் இருக்கும் ஆயிலில் கொஞ்சம் மெதுவாக இறங்கி என்ஜினுக்குள் போய்விடும். அதனால் காலையில் குளிர்ந்து கிடக்கும் வண்டியில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் குறைந்த மாதிரி காட்டும். அது பொய். வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். அப்போது காட்டுவதுதான் நிஜம். இவ்வளவுதான் விஷயம். ராக்கெட் விடுகிற வேலை ஒன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் கிளினிக்கை மூடிவிட்டு வந்து ஆயில் மாற்றினேன். போர்ட்டிகோவில் பாய் விரித்து, வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கீழே படுத்து, இரண்டு இடத்தில் வடித்து, புது ஃபில்டர் போட்டு, அளந்து ஊற்றினேன். பிறகு ரெட்டியார்சத்திரம் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, ஓடுகிற என்ஜினில் குச்சியை உருவிப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக நின்றது. என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். அவரிடம் குச்சியைக் காட்டி, சூடாக இருக்கும்போது பார்ப்பதற்கான காரணத்தையும் சொன்னேன். "ம்ம்" என்றார். கேனில் மிஞ்சிய ஆயிலை மூடி சுவரோரம் வைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் முதல் பூசைக்குப் போய்விட்டேன். அவர் எப்போதும் இரண்டாம் பூசைக்குத்தான் போவார். சாயங்காலம் காற்று வாங்கலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கரூர் ரோட்டில் போனேன். தாடிக்கொம்பு தாண்டியதும் ஒரு மேட்டில் கொஞ்சம் அழுத்தினேன். கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் காணாமல் போயிற்று. அவ்வளவு புகை. வெள்ளையும் நீலமுமாகக் கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி கக்கிக்கொண்டு போகிறேன். ஓரம் கட்டி அணைத்தேன். நட்டைச் சரியாக முறுக்கவில்லையா, ஃபில்டர் கோணலாக உட்கார்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். என் கை பட்டுத்தான் இப்படி ஆயிற்று என்று அந்த நிமிஷத்தில் நானே நம்பினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கணவருக்குப் போன் செய்தேன். ஸ்கூட்டரில் பைபாஸ் பக்கத்து ஒர்க்‌ஷாப் மெக்கானிக் ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து அழைத்து வந்தார். அந்த மனிதர் நான் ஒருத்தி அங்கே நிற்பதையே கண்டுகொள்ளவில்லை. நான் புகையின் நிறத்தைச் சொல்ல ஆரம்பித்தேன், அவர் என் கணவரைப் பார்த்து, "யாரு சார் கடைசியா கை வச்சது?" என்று கேட்டார்.

"வீட்டம்மாதான்" என்றார் என் கணவர்.

மெக்கானிக் சிரித்தார். "அதான பாத்தேன்" என்றார்.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்காக வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியைக் கட்டி இழுத்து வந்து வீட்டில் விட்டார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆயில் மாற்றும்போது ஏதோ தப்பு ஆகிவிட்டது என்று எல்லாரிடமும் அவர் தன்மையாகச் சொன்னார். யார் செய்த தப்பு என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது, மதுரையில் தெரிந்தவர் ஒருவர் இந்த மாதிரி வண்டி தேடுகிறார், புதன்கிழமை வந்து பார்க்கச் சொல்லட்டுமா என்று மெல்லக் கேட்டார். நான் ஒத்துக்கொண்ட நிபந்தனை. தலையை ஆட்டினேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடியும் பாயை விரித்தேன். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு இதெல்லாம் என்று அவர் உள்ளேயிருந்தே கேட்டார். நான் ஆயிலை முழுக்க வடித்து, கோடு போட்ட கேனில் ஊற்றிப் பார்த்தேன். கேன் நிறைந்தது. இன்னொரு பாத்திரம் தேவைப்பட்டது. ஊற்றியதைவிட ஒரு லிட்டருக்கு மேல் கூடுதலாக வந்தது, அதுவும் அவ்வளவு புகையாகப் போனபிறகு. பசு கறக்கிற மாதிரி என்ஜின் தானாக ஆயில் சுரக்குமா? அளவு மீறினால் டாங்கி பொங்கி, அதில் காற்றுப் போக விட்டிருக்கும் குழாய் வழியாக ஆயில் என்ஜினுக்குள் இழுபட்டு, எரிந்து புகையாக வரும் என்று படித்திருக்கிறேன். சுவரோரம் வைத்த கேனைத் தேடினேன். காலியாகிக் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

உள்ளே போய், இந்தக் கேனை யார் எடுத்தது என்று கேட்டேன். "தெரியலையே" என்றார். பேப்பரை மடிக்காமலே சொன்னார்.

புதன்கிழமை காலையில் என் கணவருடைய அண்ணன் வந்தார். ரெட்டியார்சத்திரம் பக்கம் அவருக்குத் தோட்டம், மல்லிகை போட்டிருக்கிறார். விடியும் முன்னே பூ மார்க்கெட்டுக்கு வந்து போட்டுவிட்டு, போகிற வழியில் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போவார். நல்ல மனுஷர். எதையும் அளவாகக் கொடுக்கத் தெரியாது. பூ கொடுத்தால் கை கொள்ளாது, கத்தரிக்காய் கொடுத்தால் பை கிழியும். அவர்கள் வீட்டில் ஒருவரும் தம்ளரில் முக்கால் ஊற்றி நான் பார்த்ததில்லை. தரையில் சிந்தினால்தான் உபசாரம். காபி தம்ளரைக் கையில் வாங்கியதும் என்னிடம் கேட்டார்:

"அன்னிக்கு நான் ஊத்துன ஆயிலு பத்துச்சா தாயி? ஞாயித்துக்கெழம காலையில நீ பூசைக்குப் போயிருந்தப்ப, டிராக்டர்ல பாக்குற மாதிரியே குச்சிய உருவிப் பாத்தேன், அடியில கெடந்துச்சு. பிள்ள கம்மியா ஊத்திருச்சேன்னு கேன்ல இருந்த அம்புட்டையும் ஊத்திட்டேன். தம்பிதான் டார்ச்சு புடிச்சான்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஆறிப்போன காபி அது.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிற்று. பெரியவர் மேல் இல்லை. அவர் டிராக்டரில் செய்வதைத்தான் இதிலும் செய்தார். டிராக்டருக்கு அது சரி. கேனில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அதை வீணாக்க அவருக்கு மனசு வராது. இவருக்கு என்ன வந்தது? சனிக்கிழமை நான் குச்சியைக் காட்டியபோது பக்கத்தில் நின்றவர். ஞாயிற்றுக்கிழமை டார்ச் பிடித்தவர். தாடிக்கொம்பு ரோட்டில் அந்த மெக்கானிக் சிரித்தபோது காரணம் தெரிந்தே நின்றவர். தெருவுக்கெல்லாம் தன்மையாகப் பதில் சொன்னவர். மதுரைக்காரருக்குப் போன் போட்டவர். திங்கட்கிழமை கேனை நீட்டிக் கேட்டபோது "தெரியலையே" என்றவர்.

"மூணு நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

விஷயம் புரியாமல் பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன், புகை முதல் இன்றைக்கு வரப்போகும் மதுரைக்காரர் வரை. அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஏண்டா, நான் ஊத்துனேன்னு ஒரு வார்த்த சொல்லலையா நீயி?" என்று தம்பியைக் கேட்டார்.

"உங்க மனசு சங்கடப்படுமேன்னுதாண்ணே" என்றார் என் கணவர்.

அண்ணன் மனசு சங்கடப்படக் கூடாதாம். என் மனசு என்ன ரேஷன் கடையில் வாங்கியதா? அதை அப்படியே கேட்டும் விட்டேன். கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது எனக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. பெரியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க எழுந்தார். நான் அவரை உட்காரச் சொல்லி, வேறு காபி போட்டுக் கொடுத்தேன்.

மதுரைக்காரருக்கு நானே போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னேன். பிறகு சரியான அளவு ஆயில் ஊற்றி, குழாய்களைத் துடைத்து, வண்டியைக் கிளப்பினேன். உள்ளே தங்கியிருந்த ஆயில் எரிந்து தீரும் வரை தெருவே புகைந்தது. அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது. பைபாஸில் ஒரு சுற்று ஓட்டி வந்து, ஓடுகிற என்ஜினில் குச்சியை உருவிக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தத் தடவை குனிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். நான் கேட்காமலே மன்னிப்பும் கேட்டார். அது உண்மையான மன்னிப்புத்தான்; இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவளாவேன்.

எனக்கு அது போதவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்த அந்த மெக்கானிக்கிடம் அவரே உண்மையைச் சொல்ல வேண்டும், அதுவும் என் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்றேன். தயங்காமல் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தெளிவாகவே சொன்னார்: வீட்டம்மா சரியாகத்தான் ஆயில் மாற்றியிருந்தாள், மறுநாள் நானும் என் அண்ணனும் விவரம் தெரியாமல் மேலே ஊற்றிவிட்டோம், புகை வந்தது எங்களால்தான். ஒரு சொல்லைக்கூட அவர் மென்று விழுங்கவில்லை.

 பிறகு மெக்கானிக் கேட்டார்: "மேடம் பக்கத்துல நிக்கிறாங்களா சார்?"

"ஆமா, நிக்கிறா."

"புரியுது சார், புரியுது. நல்ல மனுசன் சார் நீங்க. எந்த வீட்டுக்காரர் இப்படிப் பழிய தன் தலையில போட்டுக்கிட்டுப் பேசுவாரு?"

"அப்படியெல்லாம் இல்லப்பா" என்றார் என் கணவர். சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.