அக்கா வீட்டு டேஷ்போர்டு

என் மச்சானுடைய காரின் டேஷ்போர்டுக்கு நான் பெயிண்ட் அடித்தேன். மூன்றாம் நாள் உரிந்தது. இதைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஊரில் எவன் வழுக்கி விழுந்தாலும் முதல் ஆளாகச் சிரிக்கிறவன் நான். எனக்கு வேண்டியதுதான்.

பத்தாம் வகுப்புக் கணக்கு என்னைக் கைவிட்ட பிறகு அல்லிநகரத்தில் ஒரு கார் பெயிண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். வெளியே பானெட், கதவு எல்லாம் பெரிய கைகள் பார்த்துக்கொள்ளும். எனக்கு வந்தது உள்பக்கம். டேஷ்போர்டு, கதவின் உள்பக்கம், கியரைச் சுற்றி இருக்கிற பிளாஸ்டிக், ஏசி காற்று வரும் ஓட்டைகள். யாரும் அதைப் பெரிய வேலையாக நினைப்பதில்லை. நான் அடித்த பிளாஸ்டிக்கை நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேயும். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்ல வேறு ஆள் இல்லை.

அக்காவைக் கூடலூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் குமுளிப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகிறவர். அது அலுத்துப்போய்ப் பழைய கார் ஒன்றை வாங்கினார். குமுளியில் ஒரு ரிசார்ட்டில் விருந்தாளிகளை ஏற்றி இறக்க நிரந்தரமாக ஒரு கார் கேட்டிருந்தார்கள். எஞ்சினில் குறை இல்லை. உள்ளேதான் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. டேஷ்போர்டு வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்துக் கிடந்தது. மச்சான் தேனியில் பெரிய கடை ஒன்றுக்குக் கொண்டுபோவதாக இருந்தார். அக்கா குறுக்கே நின்றாள்.

"எந்தம்பி இருக்கையில வெளிக் கடைக்கு எதுக்குப் போகணும்?"

"உந்தம்பி வாயிலதான் பெயிண்ட் அடிப்பான். கையில வராது."

"அவன் அடிச்சு ஒரு பொட்டு உரிஞ்சாலும் என்னயக் கேளுங்க. நான் பொறுப்பு."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் ஜெயித்த முதல் பேச்சு அது. அவள் வைத்த உப்பு, அவள் எடுத்த சேலை, அவள் பேசிய போன் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்கிற வீடு. நான் உரியாதபடி அடித்தால் அவள் வார்த்தை நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஆடி மாதம். எங்கள் பக்கத்தில் ஆடிக் காற்று என்றால் வேட்டியைப் பிடிப்பதா, துண்டைப் பிடிப்பதா என்று இருக்கும். தூசி ஒட்டினால் பெயிண்ட் சொரசொரத்துப் போகும். அதனால் அக்கா வீட்டு மாட்டுக் கொட்டத்தில் மாட்டை வெளியே கட்டிவிட்டு, நான்கு பக்கமும் ஈரச் சேலை தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்தேன். கழற்றிய ஸ்குரூக்களை இடம் மாறாமல் இருக்க அக்காவின் இட்லித் தட்டில் குழிக்குக் குழி பிரித்துப் போட்டு வைத்தேன்.

"ஏலே, அதுல நாளைக்கு நான் எதை ஊத்துறது?"

"ஸ்குரூவையே அவிச்சுக் குடுக்கா. மச்சான் வித்தியாசம் தெரியாம திம்பாரு."

அக்கா சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை.

பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்காததற்குப் பெயிண்ட் காரணம் இல்லை, அடியில் இருக்கிற எண்ணெய்தான் காரணம். எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் பாதிப் பேர் டேஷ்போர்டைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். தலைக்கு வைத்தது போக மிச்சம் வண்டிக்கு. பளபளவென்று இருக்குமாம். அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கின் வரிவரியான பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பும் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் வைத்து நான்கு தடவை தேய்த்தேன். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, பாய் விரித்த மாதிரி பரவினால் போய்விட்டது. நான்காம் தடவை பரவியது. பிறகு தண்ணீர் தொட்டு மெல்லிய எமரித் தாளால் ஒரு தேய்ப்பு. பிளாஸ்டிக்குக்கென்றே வருகிற பிரைமர், பெயிண்டைப் பிடித்து நிறுத்துகிற அடிப்பூச்சு. அதற்கு மேல் கருஞ்சாம்பல் நிறம், பனி விழுந்த மாதிரி மூன்று கோட். அவசரப்பட்டு ஒரே கோட்டில் கனமாக அடிக்கலாம், அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆறே மாதத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். கடைசியில் மினுமினுக்காத கிளியர், நிறமில்லாத மேல்பூச்சு.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் திருப்பி மாட்டினேன். மச்சான் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "புது வண்டி கணக்கா இருக்கேப்பா" என்றார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மச்சானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு நாளைக்கு யாரும் தொடக் கூடாது. வெயில்லயும் போடக் கூடாது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வயசுக்கு வந்த பிள்ளைய குச்சுல உக்கார வச்சிருக்கோம்னு நெனச்சுக்கங்க. தண்ணி ஊத்துற வரைக்கும் ஆம்பள முகத்துலயே முழிக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு மனதில் நின்றது, எட்டு நாள் நிற்கவில்லை. நான் ஏதாவது சொன்னால் அது எப்போதும் விளையாட்டாகத்தான் இருக்கும் என்று ஊரைப் பழக்கி வைத்திருக்கிறவன் நான்.

சனிக்கிழமை மத்தியானம் மச்சான் போன் செய்தார். "மாப்ள, ஒடனே வா" என்றார். காரணம் கேட்பதற்குள் வைத்துவிட்டார். பஸ் பிடித்துக் கூடலூர் போனேன்.

நடந்தது இதுதான். அடுத்த வாரம் வர வேண்டிய ரிசார்ட் மேனேஜர் கம்பத்துக்கு வந்தவர், திரும்புகிற வழியில் வண்டியைப் பார்க்க வந்துவிட்டார். மலையாளி. வண்டி வெயிலில் நின்றது. உள்ளே உட்கார்ந்து, கையிலிருந்த பிளாஸ்டிக் ஃபைலை டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டுப் பேசியிருக்கிறார். எழுந்திருக்கும்போது ஃபைல் வரவில்லை. இழுத்ததும் என் மூன்று கோட்டும் அதோடு சேர்ந்து உரிந்து வந்தது.

"ஐயோ, இது எந்தா?" என்று கேட்டாராம். "சரியாக்கிட்டுச் சொல்லு, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

நான் கதவைத் திறந்தேன். முகத்தில் அடித்தது தேங்காய் எண்ணெய் வாசனை. டேஷ்போர்டின் ஓரத்தில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கதவுப் பையில் சுருட்டி வைத்த துணி, அக்காவின் பழைய பச்சைச் சேலையில் கிழித்தது. முந்தின நாள் ஆடி வெள்ளி. வீட்டைக் கழுவி, அடுப்புக்குப் பொட்டு வைத்து, வண்டிக்கும் வைத்திருக்கிறாள். தம்பி அடித்த பெயிண்ட் இன்னும் கொஞ்சம் பளபளக்கட்டும் என்று எண்ணெய் தொட்டு அழுத்தித் துடைத்திருக்கிறாள். முழுதாகக் காயாத பெயிண்ட் எண்ணெயில் ஊறி, வெயிலில் இளகி, அல்வாவாகக் கிடந்தது.

"என்னடா வேல பாத்துருக்க? அந்தாளு என்னய என்னன்னு நெனச்சுருப்பாரு?" மச்சான் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "இவதான் பொறுப்பாம் பொறுப்பு! அக்காளும் தம்பியும் சேந்து என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீகளே!"

நான் துணியைக் கையில் எடுத்தேன். அக்கா நிலைப்படியில் நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு லேசாக.

துணியைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன்.

"பிரைமர் சரியா புடிக்கல மச்சான். என் தப்புதான்."

வாழ்க்கையில் நான் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சிரிப்புக்கு. என் வேலையைப் பற்றிச் சொன்ன பொய் இது ஒன்றுதான். "திரும்ப அடிச்சுத் தாரேன்" என்றேன். "நீ அடிச்சது போதும்" என்றார். தேனிக் கடையில் அடித்து முடிப்பதற்குள் ரிசார்ட்டில் வேறு காரை எடுத்துக்கொண்டார்கள். மச்சான் மறுபடியும் ஜீப்பில் ஏறினார்.

அக்கா என்றைக்காவது ஒருநாள் உண்மையைச் சொல்வாள் என்று இருந்தேன். போன மாதம் கம்பத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிரே மச்சானும் அவருடைய ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வடை வாளியோடு வந்தாள். பக்கத்து இலைக்காரர் தன் காருக்கு உள்ளே பெயிண்ட் அடிக்க என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னாள்.

"இவன்ட்டயா? இவன் கை பட்டா பெயிண்டு என்ன, வண்டியே உரிஞ்சு வந்துரும்."

பந்தி முழுக்கச் சிரிப்பு. டேஷ்போர்டு உரிந்த பிறகு மச்சான் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் சிரித்தேன். கேட்டவர் மறுபடி சாம்பாருக்குத் திரும்பிக்கொண்டார்.

அக்கா என் இலைக்கு நேராகக் குனிந்தாள்.

"கோவமாலே?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நீ சாப்ட்டு பட்டறைக்குப் போயிருவ. நான் அங்கனதானடா இருக்கணும்."

எனக்குப் பதில் இருந்தது. நன்றாகவே இருந்தது.

"வடைய வையிக்கா" என்றேன்.