உப்புமாவுக்கு ஒரு பில்

எங்கள் மாட்டுங்கா கட்டடத்தில் கீழ்வீட்டு வக்கீல் மாமா சட்டசபைக்கு நின்றபோது எனக்கு ஒன்பது வயது. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். அப்பா டைபாய்டில் படுத்து இரண்டு மாதமாகியிருந்தது. ஆபீஸில் சம்பளம் நின்றுவிட்டது.

வீடு வீடாக நன்கொடை வாங்கிய மாமா, எங்கள் வீட்டில் மட்டும் அப்பாவின் உடம்பை விசாரித்துவிட்டு எழுந்துவிட்டார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. “பணமாத்தானே தர முடியலை?” என்றவள், மறுநாளிலிருந்து அவருக்காக ஓட்டுக் கேட்கப் போகும் பையன்கள் பத்துப் பேருக்குத் தினமும் காலையில் உப்புமா கிளறிப் போட்டாள். ரேஷனில் வந்த சோளத்தை உடைத்த ரவைதான். இரவில் நாங்கள் கஞ்சி குடித்தோம்.

மாமா ஜெயித்தார். எங்களுக்கு நிலைமை மாறவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடலாம் என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டு அழுதுகொண்டிருந்தேன். ஒருநாள் மாலை மாமா மாடியேறி வந்தார்.

“மாமி, உப்புமாவுக்கு ஒரு பில் எழுதிக் குடுங்கோ.”

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “சாப்பாடு போட்டதுக்குப் பில்லா? நான் என்ன ஓட்டலா நடத்தறேன்?”

“சட்டம் மாமி. எலெக்‌ஷன் செலவு அத்தனைக்கும் கணக்குக் காட்டணும். ஒண்ணு விட்டாலும் என் பதவி போயிடும்.”

படுத்தபடியே அப்பா, “எழுதிக் குடுத்துடேன்” என்றார். அம்மா என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ரவை, எண்ணெய், கரி என்று எழுதினாள். மாமா வாங்கிப் பார்த்தார். “கூலி எங்கே?” என்று அவரே பேனாவை எடுத்து அதையும் சேர்த்துக் கூட்டி, அங்கேயே பணத்தை எண்ணி வைத்தார். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பணத்தில்தான் என் பள்ளிச் சம்பளம் கட்டப்பட்டது. நான் மெட்ரிக் முடித்ததும், பிறகு ஆசிரியை ஆனதும் அதனால்தான்.

என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோதுதான் வக்கீல் மாமி சொன்னாள். செலவுக் கணக்கையெல்லாம் மாமா அந்தப் பில்லை வாங்குவதற்குப் பத்து நாள் முன்பே சர்க்காரிடம் கொடுத்துவிட்டாராம். அம்மாவுக்குத் தந்தது அவர் கைப்பணம்.

அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் அம்மாவை ஓட்டல்காரியாக்கிவிட்டார் என்பதுதான். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், “என்னடி, கோபம் இன்னும் தீரலையா?” என்று கேட்டுக்கொண்டே ஒதுங்கி வழிவிடுவார். புதுப் பாடப்புத்தகங்களை மார்போடு அணைத்தபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் இறங்கிப் போவேன்.