மொறுமொறுப்பு தங்காத வீடு

கம்பெனி பஸ் விடியும் முன்பே ஆரணிக்கு வந்துவிடும். அதற்காக அம்மா நாலு மணிக்கு எழுந்து டிபன் கட்டுவாள். பகல் முழுக்கத் தறியில் உட்கார்ந்து தோள் கடுத்துப்போனவள், என்னால் தூக்கத்தையும் பாதியில் விட்டாள். எங்கள் வீட்டில் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் நான். அந்த வேலைக்காக அவள் இன்னும் தேய்வதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"வேணாம்மா, கேன்டீன்ல சாப்ட்டுக்கறேன்" என்றால், "வெறும் வயித்தோட அவ்ளோ தூரம் போவியா?" என்பாள்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் டப்பாவிலிருந்து கிரனோலா எடுத்துக் கொறிப்பார். வறுத்த ஓட்ஸ், பாதாம், தேன். ஒருமுறை செய்து வைத்தால் காலையில் யாரும் எழ வேண்டாம். கடையில் அந்த பாக்கெட்டின் விலையைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தேன். ஓட்ஸுக்குப் பதில் கெட்டி அவல், பாதாமுக்குப் பதில் எங்கள் ஊரில் மல்லாட்டை எனும் வேர்க்கடலை, தேனுக்குப் பதில் வெல்லப்பாகு, கொஞ்சம் எள். யூடியூபில் ஓவன் என்றார்கள். எங்களிடம் இருந்தது இரும்புச் சட்டி.

ஞாயிறு சாயங்காலம் கை ஓயும்வரை வறுத்தேன். நன்றாக ஆறவிட வேண்டும் என்று வீடியோவில் சொன்னதால், தாம்பாளத்தில் பரப்பித் தறி அறையில் வைத்தேன். ராத்திரியில் யார் காலும் படாத இடம் அதுதான்.

கோடையில் பட்டு நூல் காய்ந்தால் அறுந்துபோகும். அதனால் அப்பா படுக்கும் முன் தறிக்குழியில் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு விரித்து, ஜன்னலைச் சாத்திவிடுவார். பிறந்ததிலிருந்து நான் பார்க்கும் வேலை. அன்றைக்கு மட்டும் நினைவுக்கு வரவில்லை.

விடியும் முன் எழுந்து பார்த்தால், தாம்பாளத்தில் ஒரே கட்டியாகக் கிடந்தது. அழுத்தினால் விரல் பதிந்தது. தாம்பாளத்தை நகர்த்திய சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தாள்.

"இன்னாடா இது, அவல் உப்புமாவா?"

அப்பா பாயில் படுத்தபடியே சொன்னார்: "பட்டுக்கு வெச்ச ஈரத்த உன் பலகாரம் குடிச்சிருக்கு. இன்னிக்கு நூலு அறுந்தா நீதான் லீவு போட்டு முடிச்சி போடணும்."

அம்மா சட்டியை அடுப்பில் ஏற்றினாள். "என்னத் தூங்குன்னு சொன்ன. இப்ப இத வறுத்துகினு நிக்கறேன். இட்லின்னா ஜல்தியா முடிஞ்சிருக்கும்."

பஸ்ஸில் அந்த இருக்கைக்காரரின் டப்பாவைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானமே வறுத்து, மொட்டைமாடி வெயிலில் ஆறவைத்து, இறுக்கமான டப்பாவில் அடைத்தேன். காலையில் விளக்குப் போடாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஒரு பிடி வாயில் போட்டதும் நொறுங்கியது. அப்போது போன் அடித்தது.

"சாப்ட்டியா?"

"நீ தூங்கலியாம்மா?"

"நாலு மணிக்குக் கண்ணு தானா முழிச்சிக்குது, இன்னா பண்றது? செருப்ப எடுத்துகினு திருடனாட்டம் போனத பாத்துகினுதான் இருந்தேன்."

"எழுந்து வேல பாக்கறியா?"

"இல்லடா, படுத்துகினுதான் கீறேன்." கொட்டாவி விட்டாள். "நல்லா மொறுமொறுன்னு கீது போல, இங்க கேக்குது."

இன்னொரு பிடி வாயில் போட்டேன். பஸ் ஊரைத் தாண்டியது. அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு தூக்கத்தில் மெல்லச் சீரானது. போனை வைக்க மனமில்லை. வாயில் இருந்ததைக் கடிக்காமல், அது ஊறி மெத்தென்று ஆகும்வரை அப்படியே வைத்திருந்தேன்.