ஏதோ கொஞ்சம் வரும்

எங்க அக்கா வீட்டுக்காரருக்கு ரெண்டே ரெண்டு பதில்தான் தெரியும். கைவந்த வேலையைப் பத்திக் கேட்டா, "ஏதோ கொஞ்சம் வரும்." சுத்தமாத் தெரியாத வேலையைப் பத்திக் கேட்டா, "அதுக்கென்ன, பார்த்துக்கலாம்." இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டித்தான் மனுஷன் போய்ச் சேர்ந்தார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. எனக்கு வாய் நீளம்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும்.

அவரும் நானும் ஒரே இடத்துலதான் வேலை பார்த்தோம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியோட அடித்தளத்துல சலவைக்கூடம். மாமாவுக்கு இஸ்திரி உருளை. கட்டில் நீளத்துக்கு ரெண்டு சூடான உருளை சுத்திக்கிட்டே இருக்கும். ஈர விரிப்பை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு உள்ளே விடணும். ஒரு பக்கம் கொஞ்சம் தளர்ந்தாலும் சுருக்கம் விழுந்துடும். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். அவர் பிடிச்ச விரிப்புல ஒரு சுருக்கம் நான் பார்த்ததில்ல. அதைத் தப்பித்தவறி வாய்விட்டுச் சொல்லிட்டா போதும், "சும்மா இரும்மா, யார் காதுலயாவது விழப்போகுது"ன்னு கூனிக் குறுகிடுவார்.

அப்பத்தான் புது மேனேஜர் வந்தார். வேற தேசத்துக்காரர், தங்கமான மனுஷன். எல்லாரையும் சுத்தி உட்கார வெச்சு, டீ வாங்கிக் கொடுத்து, "உங்களால என்ன முடியும்னு நீங்களேதான் சொல்லணும், அடுத்தவங்க பேச்சை நான் கேட்க மாட்டேன்"னார். அவங்க பக்கம் அதுதான் மரியாதையாம்.

அவர் தேசத்துக்காரன் ஒருத்தன் எங்ககூட இருந்தான், நெட்டையன்னு கூப்பிடுவோம். "இஸ்திரியா? என்னை மிஞ்ச இங்க ஆள் இல்ல"ன்னு மார் தட்டினான். உருளைக்கு ஆவி அனுப்புற பாய்லர் தெரியுமான்னு கேட்டதுக்கு, "ஐயோ, தெரியாது, அது பக்கமே வரமாட்டேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டான். கொஞ்சம்கூடக் கூச்சம் இல்ல. எனக்கு அவனோட பீத்தலைவிட அந்த 'தெரியாது'தான் ஆச்சரியமா இருந்துச்சு. நம்மாளுங்க வாயில அது சுலபத்துல வருமா?

அடுத்து மாமா.

"இஸ்திரி எப்படி?"

"ஏதோ கொஞ்சம் வரும் சார்."

"பாய்லர்காரர் வேலையை விட்டுப் போறார். அதைப் பார்த்துக்குவீங்களா?"

"அதுக்கென்ன சார், பார்த்துக்கலாம்."

"சார், இவர் உருளையில..."ன்னு நான் ஆரம்பிச்சேன். மாமா ஒரு பார்வை பார்த்தார். மேனேஜர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நெட்டையன் உருளைக்கு, மாமா பாய்லருக்குன்னு முடிவாயிடுச்சு. அந்த மேனேஜரைக் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரல, கேட்டதை அப்படியே நம்பினார், அவ்வளவுதான்.

அன்னைக்கே அக்கா வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "கொதிக்கிற ஆவிகிட்ட விளையாட்டா மாமா? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"நம்பிக் கேட்கிறார், முகத்துல அடிச்ச மாதிரி முடியாதுன்னா சொல்றது?"

"அப்ப இஸ்திரி எனக்கு நல்லா வரும்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"என்னை நானே புகழ்ந்துக்கிறதா? அசிங்கம்."

அக்கா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டா. "நமக்கு இருக்கிறதே இந்த ரெண்டு கைதாங்க. நாளைக்குப் போய் வேண்டாம்னு சொல்லிடுங்க." அழுதேவிட்டா.

"அட, பார்த்துக்கலாம் விடு."

பழைய பாய்லர்காரரும் வேற தேசத்து ஆள்தான். போறதுக்கு முன்னாடி எல்லாம் சொல்லிக் கொடுத்தார். புரிஞ்சுதான்னு கேட்டார். மாமா தலையை ஆட்டினார். எங்க ஆளுங்க தலையாட்டினா எதிர்ல இருக்கிறவர் மனசு நோகக்கூடாதுன்னு அர்த்தம், அது அவருக்கு எப்படித் தெரியும்? உள்ளே அழுத்தம் இறங்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் மாமா ஒரு மூடியைத் திறந்துட்டார். ரெண்டு கையும் வயிறும் வெந்துபோச்சு.

மாடியிலேயே ஆஸ்பத்திரி. கட்டில்ல போட்டதும் கீழே இருந்த விரிப்பைப் பார்த்தார். "இழுத்துப் பிடிக்கலையே, ஓரமெல்லாம் சுருக்கம்"னு முனகினார். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. மேனேஜர் வந்து கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். "கேட்டேனே, பார்த்துக்கலாம்னு சொன்னீங்களே"ன்னு அழுதார். மாமா அவருக்கு ஆறுதல் சொன்னார்!

டாக்டர் தினமும் வந்து, "வலி எவ்வளவு? பத்துக்கு எத்தனை?"ன்னு கேட்பார்.

"ரெண்டு இருக்கும் டாக்டர்."

"இவர் ரெண்டுன்னா பத்துன்னு வெச்சுக்கோங்க"ன்னு நான் பாய்ஞ்சேன். "வலி அவரோடது, அவர்தாம்மா சொல்லணும்"னார் டாக்டர். மாமா பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "இவ கொஞ்சம் வாய்த்துடுக்கு, தப்பா எடுத்துக்காதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

உள்ளே புண் சீழ் பிடிச்சிருக்கு. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுறதை நர்ஸ் வர்ற நேரத்துல மட்டும் அடக்கிக்கிட்டு இருந்திருக்கார். கொதிக்கிற காய்ச்சலைப் பார்த்து அவங்க ஓடி வந்தப்ப விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. எத்தனைன்னு டாக்டர் திரும்பக் கேட்டார். மாமா அக்காவைப் பார்த்தார். "முடியலம்மா"ன்னார். அவர் வாயில அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் அவர் இல்ல.

காரியம் எல்லாம் முடிஞ்சு நான் வேலைக்குத் திரும்பினேன். நெட்டையன் ஒரு கட்டு விரிப்பைக் கருக்கிட்டு, இது தனக்குச் சரிப்படாதுன்னு அவனே சொல்லி வேற இடத்துக்குப் போயிருந்தான். உருளை சும்மா கிடந்துச்சு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முகமே செத்துப்போயிருந்துச்சு.

"இத்தனை வருஷம் அவர் எதிர்ல நின்னவங்க நீங்க. உருளையை இனிமே உங்க பொறுப்புல விடட்டுமா? நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. வேலை எப்படி வரும்?"

எனக்குத் தெரியாத சூட்சுமம் அந்த உருளையில ஒண்ணும் இல்ல. சொல்லணும்னு வாயைத் திறந்தேன்.

"ஏதோ கொஞ்சம் வரும் சார்."