ஒரே பிலிமில் இரண்டு பேர்

கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, கேட் பாஸுக்குப் போட்டோ எடுத்தவரை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். ஒல்லியான உடம்பு, தொளதொளவென்று சஃபாரி சட்டை. கழுத்தில், எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளும் கேமரா. படம் வந்ததும் அதைச் சட்டைக்குள் விட்டு, தெளியும்வரை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்.

அன்று அவரிடம் ஒரே ஒரு பிலிம்தான் மிச்சம். நானும் ஒரு மீசைக்கார வெல்டரும் காத்திருந்தோம். பாஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை.

"ஒரே பிலிம்ல ரெண்டு தபா எடுக்க இதுல பட்டன் கீது. பாதி லென்ஸ மூடிக்கினு உன்ன எடுக்கறேன், மறுபாதிய மூடிக்கினு அவர எடுக்கறேன். அப்பால ரெண்டா வெட்டிக்கலாம்" என்றார்.

இரண்டு முறையும் ஒரே பக்கத்தை மூடிவிட்டார். பாதிப் படம் இருட்டு. மீதியில் ஒரே ஓர் ஆள், என் நெற்றியும் வெல்டரின் மீசையுமாக.

"இன்னாண்ணே இது?" என்றேன்.

"பேஜார் பண்ணாதப்பா. ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள போங்க, ஒண்ணா வெளிய வாங்க. வாட்ச்மேன் கைல நான் சொல்லிக்கிறேன்."

அந்தப் படம் ஒட்டிய ஒரே பாஸில் ஒரு வாரம் அப்படித்தான் போய்வந்தோம். புது பிலிம் வந்ததும் எங்களைத் தனித்தனியாக எடுத்துக்கொடுத்தார். பழைய பாஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேரவிட இவன் நல்லாக்கீறான்பா" என்று சொல்லி, அதைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அன்று கை தவறியதா, வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.